வட ஆற்காட்டு உபதேசியார் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கொள்ளுத்தாத்தா உபதேசியாராக இருந்தவர். ஆற்காட்டுக்குத் தெற்கே, திமிரி, கலவை பக்கத்துக் கிராமங்களில் வெள்ளைக்காரன் காலத்தில் ஊழியம் பார்த்தவர். அவரைப் பற்றிச் சில வருஷமாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும், கலியாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொந்தக்காரர்கள் மறித்து மறித்துக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இது.

ஐயர், உபதேசியார், துரை: மூன்று பேரும் பாதிரியார்தானே? ஏன் மூன்று பெயர்?

மூன்று பேரும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போனால் எல்லாம் குழம்பும்.

துரை என்றால் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி. வேலூர், ஆரணி, ராணிப்பேட்டை மாதிரி ஊர்களில் மிஷன் பங்களாவில் இருப்பார். வருஷத்தில் சில மாதம் கூண்டு வண்டியும் கூடாரமுமாகக் கிராமங்களைச் சுற்றுவார். ஐயர் என்றால் குருப்பட்டம் பெற்ற நம்மூர்ப் போதகர். ஞானஸ்நானம் கொடுப்பது, இராப்போஜனம் பரிமாறுவது, தாலி கட்டி வைப்பது எல்லாம் அவர் கையில். பத்துப் பதினைந்து கிராமங்கள் அவர் பொறுப்பில் இருக்கும். உபதேசியாருக்குப் பட்டம் கிடையாது. ஆனால் கிராமத்தில் குடியிருப்பவர் அவர்தான். ஞாயிறு ஆராதனை நடத்துவார், பள்ளிக்கூடம் வைப்பார், சாவுக்கு ஜெபிப்பார். ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மட்டும் ஐயர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சட்டப்படி பார்த்தால் குருவானவர் ஐயர்தான். ஆனால் ஒரு சேரிக்காரர் ‘எங்க ஊரு ஐயரு’ என்று சொன்னால் பெரும்பாலும் உபதேசியாரைத்தான் சொல்வார். நானும் இந்தப் பக்கத்தில் அவரைத்தான் முன்னால் நிறுத்துகிறேன். துரைமார் பெயரில் ஆஸ்பத்திரியும் தெருவும் இருக்கின்றன. அவர்களைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு.

ஐயர் என்றால் பிராமணரா?

இல்லை. ஐயன் என்ற சொல்லின் மரியாதை வடிவம், அவ்வளவுதான். தமிழ்ப் புராட்டஸ்டண்டுச் சபைகளில் போதகரை ஐயர் என்பது நெடுங்கால வழக்கம். அவர் மனைவி ஐயரம்மா. எங்கள் தாத்தாவுக்கு வந்த கடித உறையில் ‘ஐயரவர்கள் சமூகத்துக்கு’ என்று இருப்பதைப் பார்த்த சென்னைத் தோழர் ஒருவர், ‘உங்க வீட்டுல கலப்புக் கலியாணமா?’ என்று கேட்டிருக்கிறார்.

எந்த மிஷன் இது? எப்போது வந்தார்கள்?

நம் பக்கத்தில் பெரியது ஆற்காடு மிஷன். 1853-ல் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற மூன்று ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கியது. அவர்களின் அப்பா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் இலங்கைக்கு வந்து, 1836-ல் சென்னைக்கு மாறியவர். மகன்களில் ஏழு பேர் இந்தியாவில் மிஷனரிகளானார்கள். பழைய அறிக்கைகளில் ‘ஸ்கடர்’ என்று மட்டும் இருந்தால் எந்த ஸ்கடர் என்று கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றும். முதலில் ஓர் அமெரிக்கப் பொதுச் சங்கத்தின் கீழ் இருந்த மிஷன், 1857-ல் அமெரிக்காவின் டச்சுச் சீர்திருத்த சபையின் கைக்கு வந்தது. நம் சபைகளில் மூப்பர், உதவிக்காரர் என்று நிர்வாகம் நடப்பது அந்தச் சபையின் முறை.

1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அதுதான். மிஷன் தொடங்கி மூன்றே வருஷத்தில் சென்னை ஒரு பகல் தூரமானது துரைமாருக்குப் பெரிய வசதி. உபதேசியாருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவர் நடந்தே போனார்.

வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர் மாவட்டமா?

அதைவிடப் பெரியது. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். பிறகுதான் வேலூர். 1989-ல் திருவண்ணாமலை தனியானது. 2019-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தன. உங்கள் பாட்டனார் ‘சித்தூர் ஜில்லா கோர்ட்டுக்குப் போனார்’ என்று வீட்டில் கதை இருந்தால், அவர் ஆந்திராவுக்குப் போனார் என்று அர்த்தமில்லை.

அவருடைய ஒரு நாள் எப்படிப் போயிருக்கும்?

விடியற்காலையில் ஜெபம். சேரி ஆட்கள் வயலுக்குப் போகுமுன் கூடவேண்டும் என்பதால் நட்சத்திரம் மறையுமுன் மணி அடிப்பார். மணி என்றால் பல ஊர்களில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு.

பிறகு பள்ளிக்கூடம். ஜெபவீடும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம்: மண்சுவர், மேலே பனையோலை அல்லது விழல். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். ஊர்த் திண்ணைப் பள்ளியில் இவர்களைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால், பல கிராமங்களில் சேரிப் பிள்ளைகள் முதன்முதலாக எழுத்தைப் பார்த்தது இங்கேதான். மாடு மேய்க்கிற பையன்கள் பகலில் வரமாட்டார்கள். அவர்களுக்கு விளக்கெண்ணெய் விளக்கில் ராத்திரிப் பள்ளி.

சர்க்கார் மானியம் வாங்குகிற பள்ளி என்றால் இன்ஸ்பெக்டர் பயம் உண்டு. சென்னை மாகாணத்தில் வெகுகாலம், தேறிய பிள்ளைகளை எண்ணிப் பார்த்துத்தான் பணம் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மணியக்காரர் வீட்டில் களை எடுப்பு விழுந்துவிட்டால் வகுப்பு காலி, மானியமும் காலி. உபதேசியார் முதல் நாள் ராத்திரியே வீடு வீடாகப் போய் ‘நாளைக்கு ஒரு நாள் புள்ளைய அனுப்பு’ என்று கெஞ்சியிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மத்தியானத்துக்கு மேல் மனு எழுதுகிற வேலை. அதைப் பிறகு சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள் சந்தைப் பிரசங்கம். ஆரணி, கலவை, சோளிங்கர் என்று எங்கே சந்தை கூடினாலும் ஒரு மரத்தடியில் கீர்த்தனை பாடி, கூட்டம் சேர்ந்ததும் பேசி, துண்டுப் பிரசுரம் விற்பார். ஆற்காடு மிஷனின் தொடக்கக் கொள்கையே இதுதான்: இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வேண்டாம், ஊர்ப் பாஷையில் பிரசங்கம் போதும். அந்தப் பிடிவாதம் நாளாக நாளாகத் தளர்ந்து, 1898-ல் வேலூரில் ஊரிஸ் கல்லூரியில் வந்து நின்றது.

கிராமம் கிராமமாக மதம் மாறினார்கள் என்கிறார்களே, எப்படி?

தனி ஆளாக வந்தவர்கள் குறைவு. 1860-களிலிருந்து சேரிகள் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்தன. முதலில் சேரித் தலைவர்கள் துரையையோ ஐயரையோ தேடி வருவார்கள். உபதேசியார் ஒருவரை எங்களுக்குக் கொடுங்கள், பள்ளிக்கூடம் வையுங்கள் என்று கேட்பார்கள். மிஷன் சில நிபந்தனைகள் போடும்: சாமி கும்பிடுவதை விட வேண்டும், ஞாயிறு வேலைக்குப் போகக் கூடாது, செத்த மாட்டுக் கறி தின்னக் கூடாது, ஆண்கள் குடுமியை எடுக்க வேண்டும்.

இந்த நாலையும் துரை ஒரு காகிதத்தில் எழுதிவிட்டு வண்டியேறிவிடலாம். கிராமத்தில் அதன் விலையைக் கொடுத்தது உபதேசியாரும் அந்தக் குடும்பங்களும்தான்.

செத்த மாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் மாடு செத்தால் அதை அகற்றுவது சேரிக்காரரின் கடமை. கறியும் தோலும் அந்தக் கடமைக்கான உரிமை. கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற சாலுக்குத் தோல் வேண்டும், ஊர்ப் பறைக்குத் தோல் வேண்டும். ‘இனிமேல் தின்ன மாட்டோம்’ என்பது மெல்ல ‘இனிமேல் இழுக்க மாட்டோம்’ என்று ஆகும். அதற்கடுத்தது ‘திருவிழாவுக்குப் பறை அடிக்க மாட்டோம்’. பட்டாதாரருக்கு வேதம் மாறியது பிரச்சினையே இல்லை. வேலை மாறியதுதான் பிரச்சினை.

ஞாயிறு இன்னும் கடினம். படியாளாக இருக்கிறவர், அப்பன் வாங்கிய கடனுக்கு உழைத்துக்கொண்டிருக்கிறவர், வாரத்தில் ஒரு நாள் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்று 1843-லேயே சொல்லியாகிவிட்டது. ஆளை அடிமையாக வைத்திருப்பது குற்றம் என்று 1862-ல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டமும் சொன்னது. ஆனால் கடன் பத்திரம் இருந்ததே! அறுவடைக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபவீட்டில் கிழவர்களும் குழந்தைகளும் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். அதை மிஷனுக்கு எப்படி எழுதுவது என்பது உபதேசியாரின் கவலை.

குடுமி விஷயத்தில் மிஷன் செய்தது தேவையில்லாத கடுமை என்பது என் கருத்து. அது சாமி அடையாளம் என்று துரைமார் நினைத்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அது வெறும் தலைமயிர். வெட்டிய பிறகு கிண்டல் செய்யப்பட்டது அவர்கள்தானே தவிர, துரை இல்லை.

மனு எழுதுவது என்றீர்களே?

சேரியில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர். கர்ணம் கணக்கில் என்ன எழுதியிருக்கிறார், கடன் பத்திரத்தில் இருப்பது பத்து ரூபாயா நூறு ரூபாயா என்று பார்த்துச் சொல்ல வேறு யாரும் இல்லை. தாசில்தாருக்கு மனு, கலெக்டருக்கு மகஜர், முன்சீப் கோர்ட்டுச் சம்மன் எல்லாம் அவர் திண்ணைக்குத்தான் வரும். சுடுகாட்டுப் பாதையை அடைத்துவிட்டார்கள், கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை, வீட்டு மனையைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று தினம் ஒன்று. பக்கத்துச் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் சேரி மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892-ல் அரசாங்கம் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை போட்டது. தர்காஸ்து நிலத்துக்கு, அதாவது சர்க்காரிடம் மனுப் போட்டு வாங்கும் தரிசு நிலத்துக்கு, எப்படி விண்ணப்பிப்பது என்று சேரிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் உபதேசியார்களும் உண்டு.

அவர் செய்த பிரசங்கங்கள் எல்லாம் காற்றோடு போய்விட்டன. அவர் எழுதிய மனுவால் கிடைத்த அரைக் காணியில் இன்றைக்கும் கேழ்வரகு விதைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன.

தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்காகத்தான் மாறினார்கள் என்கிறார்கள். உண்மையா?

அடிக்கடி வருகிற கேள்வி. கேட்கிறவர் முகத்தில் ஒரு சிரிப்போடு வருகிற கேள்வியும்கூட.

1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம் அது. தென்னிந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். மழை இரண்டு முறை பொய்த்தது. தானியம் ரயிலில் வந்தது. வாங்கக் கையில் காசில்லை. நிவாரண வேலைக்குக் கூலி அதிகம் கொடுக்கிறார்கள் என்று மேற்பார்வைக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், முழு நாள் உழைக்கிற ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, போதும் என்று குறைத்தார். இது சாகிற அளவு என்று மாகாண சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்துச் சண்டை போட்டார்.

அந்த வருஷங்களில் சபையில் சேர்ந்தவர்கள் தொகை ஏறியது உண்மை. மிஷன்கள் கஞ்சி ஊற்றின, கிணறு வெட்டும் வேலை கொடுத்தன, அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தன. பஞ்சம் போனதும் சிலர் திரும்பிப் போனதும் உண்மை. மிஷனரிகளே இதைப் பற்றிச் சங்கடப்பட்டார்கள். பசியில் வருகிறவர்களுக்கு உடனே ஞானஸ்நானம் கொடுக்கலாமா, ஒரு வருஷம் பார்க்கலாமா என்று விவாதம் நடந்தது.

ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பஞ்சம் முடிந்த பிறகும் பெரும்பாலோர் ஏன் நின்றார்கள்? கஞ்சித் தொட்டி மூடியாகிவிட்டது. நின்றதால் கிடைத்தது பட்டாதாரரின் கோபம் மட்டும்தான். சேரியில் காலரா பரவிய வீட்டுக்குள் உபதேசியார் வந்தார், பிணத்தைத் தூக்கினார் என்பது எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று ஊர்களில் இன்னும் சொல்கிற கதை. பசித்தவன் சோறு போட்ட வீட்டை மறக்காமல் இருப்பதைக் குற்றமாகச் சொல்கிறவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

சம்பளம் எவ்வளவு?

போதாத அளவு. மிஷன் மாதாமாதம் கொடுத்தது, சபை கொடுத்தது என்று இரண்டு வழி. சபை கொடுத்தது பெரும்பாலும் காசாக இருக்காது. சமைக்க அரிசியோ கேழ்வரகோ எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை வேறு பானையில் போட்டுவைத்து ஞாயிறன்று கொண்டுவரும் கைப்பிடிக் காணிக்கை அது. அறுப்பின் பண்டிகையில் பூசணி, கோழி, வேர்க்கடலை, முதல் ஈற்றுக் கன்று எல்லாம் ஏலம் போகும். ஒரு எலுமிச்சம்பழம் பத்து முறை ஏலம் போய்த் திரும்பி வருகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பணத்தில் கோயில் ஓட்டுச் செலவு போக மிச்சம் ஐயருக்கு, அதற்கும் மிச்சம் இருந்தால் உபதேசியாருக்கு.

சபைக்குள் சாதி இருந்ததா?

ஆற்காடு மிஷன் இதில் கண்டிப்பானது. சபையில் சேருகிறவர் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் எடுக்க வேண்டும் என்பது விதி. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பக்கத்துப் பழைய சபைகளில் தனித்தனியாக உட்கார்ந்த வரலாறு உண்டு. அந்தத் தொல்லை இங்கே வரக்கூடாது என்று முதலிலேயே உறுதியாக இருந்தார்கள்.

விதி சாப்பாட்டுப் பந்தி வரை செல்லுபடியானது. பெண் எடுப்பதில், பெண் கொடுப்பதில் செல்லுபடியாகவில்லை. இன்றும் நம் சபைகளில் சம்பந்தம் பேசும்போது இரண்டாவது கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

கலியாணம் எப்படி நடந்தது?

மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை சொல்கிறவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று. 1872-ல் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வந்தபின் பதிவேடு கட்டாயமானது: மணமக்கள் வயது, தகப்பன் பெயர், நடத்தி வைத்தவர் கையெழுத்து, சாட்சிகள் கையெழுத்து. சேரியில் நடந்த ஒரு சாதாரணக் கலியாணம் சர்க்கார் சட்டப்படி காகிதத்தில் ஏறியது, பலருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக.

மோதிரம் மாற்றுவதா தாலி கட்டுவதா என்று கேட்பார்கள். இங்கே தாலிதான். சிலுவை பொறித்த தாலி.

உபதேசியாரம்மா என்ன செய்தார்?

எல்லாம். சம்பளப் பட்டியலில் பெயர் வராமல் எல்லாம். பெண்களுக்கு ஜெபக் கூட்டம், பிள்ளைகளுக்குத் தையல், பிரசவ வீட்டுக்கு ஓட்டம். கொஞ்சம் படித்தவராக இருந்தால், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லும் பைபிள் உமனாக வேலை கிடைக்கும். அப்போது வீட்டுக்கு இரண்டாவது சம்பளம். மேல்சாதி வீடுகளில் முன்வாசலில் உபதேசியாரை நிறுத்திவிடுவார்கள். அம்மா கொல்லைப்புறமாகப் போய்ப் பெண்களோடு பேசிவிட்டு, ஒரு முறம் பயறும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

என் கொள்ளுப்பாட்டிக்குப் பதினொரு பிரசவம், மிஞ்சியது நாலு. வீட்டு வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாளில் பதினொரு பிறப்பும் ஏழு இறப்பும் கொள்ளுத்தாத்தா கையெழுத்தில் வரிசையாக இருக்கின்றன. எங்கும் ஒரு அடைமொழிகூட இல்லை. தேதியும் பெயரும் மட்டும்.

வைத்தியமும் பார்த்தார்களா?

ஸ்கடர்களில் பலர் டாக்டர்கள். ஹென்றி மார்ட்டின் வாலாஜாபேட்டையில் மருந்தகம் வைத்தார். 1866-ல் ராணிப்பேட்டையில் சைலஸ் ஸ்கடர் ஆஸ்பத்திரி தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. காலையில் நோயாளிகள் கூடியதும் முதலில் உபதேசியார் ஒரு வேதபாடம் வாசிப்பார், அப்புறம்தான் சீட்டு. கிராமத்தில் அவர் பெட்டியில் கொயினா, பேதி மருந்து, சிரங்குக் களிம்பு இருக்கும். அதற்கு மேல் என்றால் வண்டி கட்ட வேண்டும்.

ஜான் ஸ்கடரின் பேத்தி இடா ஸ்கடர் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று ஒரே ராத்திரியில் மூன்று வீட்டார் திரும்பிப் போய், மூன்று பெண்களும் பிரசவத்தில் இறந்தது திண்டிவனத்தில். அதைப் பார்த்துத்தான் டாக்டராகி 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். 1902-ல் ஷெல் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி அதிலிருந்து வளர்ந்தது. அவர் குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி வைத்தியம் பார்த்தபோது, எந்த மரத்தடியில் என்றைக்கு வண்டி நிற்கும் என்ற செய்தியை ஊருக்குள் கொண்டுபோக ஆட்கள் வேண்டாமா?

துரைமார் பேசிய தமிழ் ஜனங்களுக்குப் புரிந்ததா?

அவர்கள் முன்ஷியிடம், அதாவது பாஷை சொல்லித்தரும் வாத்தியாரிடம், கற்றது செந்தமிழ். நம் பக்கம் பேசுவது ‘வந்துகினு கீறாரு, இட்டுக்கினு போ, இன்னா சொல்றே’. துரை ‘நீங்கள் யாவரும் மனந்திரும்பக் கடவீர்கள்’ என்பார். உபதேசியார் பக்கத்தில் நின்று அதையே நம் பேச்சில் இன்னொரு முறை சொல்வார். வடக்கே பலமநேர், மதனப்பள்ளி என்று போனால் தெலுங்கும் வேண்டும். அங்கே ஜேக்கப் சேம்பர்லின் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்.

கத்தோலிக்கர், லுத்தரன்கள்?

திருவண்ணாமலைப் பக்கத்துச் சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரரான தர்ராஸ் சாமியார் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பல்லாண்டு அலைந்து, 1916-ல் இறந்தார். அவரோடு நடந்த வேதியர்களின் கதையும் உபதேசியார் கதையும் ஒன்றுதான். பெயர் மட்டும் வேறு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மிசௌரி லுத்தரன்கள். அவர்கள் 1895-ல் கிருஷ்ணகிரியில் தொடங்கி இந்தப் பக்கம் வந்தவர்கள்.

வெள்ளைக்காரனின் கையாள்தானே அவர்?

சம்பளம் அமெரிக்கப் பணம், செல்வாக்குக் கொஞ்சம் வெள்ளைத் தோலின் நிழல். மறுப்பதற்கில்லை. துரை ஒரு வார்த்தை சொன்னால் தாசில்தார் நாற்காலி போடுவார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். உபதேசியாரும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்.

ஆனால் அந்தத் துரையிடமே இவர் எப்படி இருந்தார்? மாத அறிக்கை கொடுக்க வேண்டும். எத்தனை பிரசங்கம், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பிரசுரம் விற்றது என்று கணக்கு. பிடிக்காத ஊருக்கு மாற்றினால் பெட்டியைக் கட்ட வேண்டும். பங்களாவில் வராந்தாவரை. வருஷ அறிக்கையின் கடைசிப் பக்கத்து அட்டவணையில் ‘உள்ளூர் உதவியாளர்’ என்ற பத்தியில் இவர் ஒரு எண். சொந்த சாதிக்காரர் பார்வையில் ஊரை விட்டவர், ஊர்க்காரர் பார்வையில் சேரியைக் கெடுத்தவர், துரை பார்வையில் இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டியவர். கையாள் என்று சொல்லுங்கள். யார் யாருக்குக் கையாள் என்பதை மட்டும் முழுதாக எண்ணிச் சொல்லுங்கள்.

துரைமார் எப்போது போனார்கள்?

ஒரே நாளில் இல்லை. 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபை ஆனது. 1947 செப்டம்பர் 27-ல், சுதந்திரம் வந்து ஆறு வாரத்தில், தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.). 1976-ல் வேலூருக்கென்று தனிப் பேராயம். இப்போது ஐயர் என்பதைவிட ஆயர் என்பதுதான் அதிகம் காதில் விழுகிறது.

எங்கள் பாட்டனாரும் உபதேசியார்தான். எங்கே தேடுவது?

முதலில் வீட்டில். பழைய வேதாகமம், பாட்டுப் புத்தகம், தகரப் பெட்டியின் அடியில் விரித்த காகிதம். பிறகு அவர் வேலை பார்த்த ஊர் எந்தப் பாஸ்டரேட்டில், அதாவது எந்த ஐயரின் பொறுப்பில் இருந்த கிராமத் தொகுதியில், இருந்தது என்று கண்டுபிடியுங்கள். கிராம ஜெபவீட்டில் பதிவேடு இருக்காது. தலைமைக் கோயிலில்தான் இருக்கும். டிசம்பர் மாதம் போகாதீர்கள், ஆயருக்கு நேரமிருக்காது. காகிதம் தொட்டால் பொடியாகும், போட்டோ எடுக்க அனுமதி கேளுங்கள்.

பெயரில் கவனம் தேவை. ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருக்கும். சின்னப்பையன் தேவசகாயம் ஆகியிருப்பார், முனியன் மோசே ஆகியிருப்பார். இங்கிலீஷ் அறிக்கையில் வந்தவாசியை ‘வாண்டிவாஷ்’ என்றும் சோளிங்கரை ‘ஷோலிங்கூர்’ என்றும் எழுதியிருப்பார்கள். சின்ன ஊர்ப் பெயர்களை வாய்விட்டு உரக்கப் படித்தால்தான் பிடிபடும். ஆற்காடு மிஷனின் வருஷ அறிக்கைகள் அச்சில் வந்தவை. சீர்திருத்த சபையின் ஆவணங்கள் அமெரிக்காவில் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கின்றன.

சாதிச் சான்றிதழுக்காக ஞானஸ்நானப் பதிவு தேடுகிறவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். 1950-ன் ஆணைப்படி கிறிஸ்தவர்கள் அட்டவணைச் சாதிப் பட்டியலில் வரமாட்டார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். அந்தக் குடும்பங்களின் நிலைமையில் ஞானஸ்நானத் தண்ணீர் என்ன மாற்றத்தைச் செய்தது என்று இந்த ஆணையை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. நானும் முதலில் இரண்டு வருஷம் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அடக்கப் பதிவேட்டிலும்தான் கொள்ளுத்தாத்தாவைத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஞானஸ்நானம் கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் ஐயர் பெயர்தான் இருக்கும். இவருக்கு அங்கே இடமில்லை. பிறகு ஒரு வயதான மூப்பர் சொன்னார்: ‘கலியாணப் புஸ்தகத்தில சாட்சிக் கட்டத்தைப் பாரு தம்பி. மத்தவங்கெல்லாம் கைநாட்டு, கையெழுத்து போடத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதான.’ பார்த்தேன். முப்பத்தேழு கலியாணங்களில் இருக்கிறார்.